யுபிஐ கடல் கடப்பதால் இந்தியாவுக்கு என்ன கிடைக்கிறது?

யுபிஐ, ஆதார் போன்ற தன் டிஜிட்டல் அமைப்புகளை இந்தியா பிற நாடுகளுக்கு வலியச் சென்று கொடுத்துவருகிறது. இதனால் நாட்டின் செல்வாக்கு உண்மையிலேயே கூடுகிறதா, இல்லை உள்நாட்டில் பெருமை பேசிக்கொள்வதற்கான செய்தியாக மட்டும் இது நின்றுவிடுகிறதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். செல்வாக்கு கூடத்தான் செய்கிறது என்பது என் பதில். ஆனால், தொலைக்காட்சிச் செய்திகள் அதைக் காட்டும் இடத்தில் அது இல்லை. பாரிஸின் ஈஃபில் கோபுரத்து நுழைவுச்சீட்டை 2024 பிப்ரவரி முதல் யுபிஐ வழியாக வாங்க முடிவது மகிழ்ச்சிக்குரியதே. என்றாலும் அது இந்தியச் சுற்றுலாப் பயணிக்குக் கிடைத்த வசதி. அதனால் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் வாழ்க்கையில் எந்த மாற்றமும் வரவில்லை. ஒரு வளரும் நாட்டின் அரசு அலுவலகத்தில், அந்நாட்டு ஊழியர்கள், தாங்களே இயக்கக்கூடிய ஓர் அமைப்பை இந்தியர்களிடமிருந்து கற்றுக்கொண்டு நடத்தும்போதுதான் இந்தியாவின் மதிப்பு நிலையாக உயர்கிறது. அந்த மதிப்பு நீடிப்பதும் குலைவதும், அதே அமைப்பை நாம் நம் ஊரில் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். படைபலத்தால் மிரட்டாமலும் பணத்தால் வாங்காமலும், ஒரு நாட்டைப் பார்த்து மற்ற நாடுகள் தாமாக விரும்பி நெருங்கிவரச் செய்யும் ஆற்றலை ‘மென்சக்தி’ என்கிறோம். 1990-இல் அமெரிக்க அறிஞர் ஜோசப் நை இந்தக் கருத்துக்குப் பெயரிட்டு வடிவம் கொடுத்தார். இந்தியாவின் மென்சக்தி என்றவுடன் திரைப்படம், யோகா, உணவு ஆகியவையே இதுவரை நினைவுக்கு வந்தன. டிஜிட்டல் அமைப்புகள் இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டவை. ஒரு படத்தைப் பிடித்தால் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். அடையாள எண்ணையும் பணப் பரிமாற்ற அமைப்பையும் அப்படி உதறிவிட முடியாது. அவை ஓர் அரசின் உள்ளறைக்குள் நுழைந்து, அன்றாடம் கோடிக்கணக்கானோரின் கையில் புழங்குபவை. ஆகவே அவற்றைக் கொடுக்கும் நாட்டின்மீது வரும் நம்பிக்கையும் பெரிது, அச்சமும் பெரிது.

இந்த முயற்சி 2014-க்குப் பிறகே தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. 2004 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் நாடாளுமன்றத்தில் பேசியபோது, ஆப்பிரிக்க நாடுகள் அனைத்தையும் செயற்கைக்கோளாலும் கண்ணாடியிழை வடங்களாலும் ஒன்றாக இணைத்து, இந்தியப் பல்கலைக்கழகங்களின் பாடங்களையும் இந்திய மருத்துவமனைகளின் ஆலோசனையையும் அங்கே கொண்டுசேர்க்கலாம் என்றார். அந்த யோசனையே ‘அகில ஆப்பிரிக்க மின்வலையமைப்பு’ என்ற திட்டமாகி, 2009 பிப்ரவரியில் அன்றைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜியால் தொடங்கிவைக்கப்பட்டது. பொதுத்துறை நிறுவனமான டிசிஐஎல் அதைக் கட்டியது. செனகல் நாட்டின் டக்காரில் மைய நிலையம் அமைந்தது. 47 நாடுகள் இணைந்தன. பாடம் நடத்திய ஐந்து இந்தியப் பல்கலைக்கழகங்களுள் சென்னைப் பல்கலைக்கழகமும் ஒன்று. மருத்துவ ஆலோசனை வழங்கிய மருத்துவமனைகளில் போரூர் ஸ்ரீராமச்சந்திராவும் இருந்தது. செலவு முழுவதையும் இந்தியா மானியமாக ஏற்றது.

இந்தத் திட்டத்தின்மீது எனக்குத் தனிப் பற்று உண்டு. இங்கே ஓர் அரங்கில் ஆசிரியர் கேமரா முன் நின்று பாடம் நடத்துகிறார். அங்கே வேறொரு கண்டத்தின் வகுப்பறையில் மாணவர்கள் திரையைப் பார்த்துக் குறிப்பெடுத்து, ஒலிவாங்கியை இழுத்துச் சந்தேகம் கேட்கிறார்கள். செயற்கைக்கோள் வழியாக வரும் குரல் ஒரு நொடி தாமதித்தே சேரும். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே அந்தச் சிறு மௌனம் எப்போதும் இருக்கும். அப்படிப் படித்து ஏறத்தாழ 22,000 பேர் பட்டம் பெற்றதாக இந்திய வெளியுறவு அமைச்சகம் தெரிவித்துள்ளது. அவர்களில் பலர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆயினும் அவர்களின் சான்றிதழில் ஓர் இந்தியப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. பின்னர், கடலடி வடங்கள் ஆப்பிரிக்கக் கரைகளுக்கு வந்து இணையம் மலிவானதும் செயற்கைக்கோள் வழியான வலையமைப்பின் தேவை குறைந்தது. 2019 அக்டோபரில் அதே நோக்கத்தை இணையவழியில் தொடர, 5 ஆண்டுகளில் 15,000 கல்வி உதவித்தொகைகள் என்ற இலக்கோடு ‘இ-வித்யாபாரதி, இ-ஆரோக்கியபாரதி’ திட்டம் தொடங்கப்பட்டது. கருவி மாறியபோதும் உறவு தொடர்ந்தது என்பதால் இந்த அத்தியாயத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

2017 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட தெற்காசியச் செயற்கைக்கோளும் இதே வரிசையைச் சேர்ந்தது. 12 அலைவரிசைப் பரப்பிகள் கொண்ட அதன் பயனை ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பூடான், மாலத்தீவு, நேபாளம், இலங்கை ஆகியவற்றுக்கு இந்தியா வழங்கியது, பாகிஸ்தான் விலகிக்கொண்டது.

கலாமின் வலையமைப்பும் இந்தச் செயற்கைக்கோளும் கருவிகளின் காலத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பின் வந்ததை நிரல்களின் காலம் எனலாம். 2009-இல் தனித்துவ அடையாள ஆணையம் அமைக்கப்பட்டு, 2010 செப்டம்பரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. 2016 ஏப்ரலில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் யுபிஐயை அறிமுகப்படுத்தியது. 2023 ஆகஸ்டில் ஒரு மாதப் பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை 1,000 கோடியைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில், 2025 ஆகஸ்டில், அது 2,000 கோடியைத் தாண்டியது. பூக்காரரிடமும் இளநீர்க் கடையிலும் ஒட்டியிருக்கும் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுப் போகும் வெளிநாட்டு அமைச்சருக்கு இந்த எண்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2021 ஜூலையில், தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தைப் பிற நாடுகளும் பயன்படுத்தத் திறந்துவிடுவதாக இந்தியா அறிவித்த இணையவழி மாநாட்டில் 142 நாடுகள் பங்கேற்றன. 2023-இல் ஜி20 தலைமை இந்தியாவிடம் இருந்தபோது, ‘டிஜிட்டல் பொதுக் கட்டமைப்பு’ என்ற சொல் முதன்முறையாக உலகத் தலைவர்களின் கூட்டறிக்கையில் ஒப்புக்கொள்ளப்பட்ட சட்டகமாக இடம்பெற்றது. சாலை, குடிநீர்க் குழாய் போல அடையாளம், பணப் பரிமாற்றம், தரவுப் பகிர்வு ஆகியவையும் அனைவருக்கும் பொதுவான அடித்தளமாக அமைய வேண்டும், அதன்மேல் அரசும் தனியாரும் சேவைகளைக் கட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். என் கணிப்பில் 2023-இன் பெரிய வெற்றி இந்தச் சொல்தான். பல நாடுகள் தத்தம் அளவில் செய்துவந்த ஒரு வேலைக்கு இந்தியா பெயர் சூட்டியது. உலக மன்றத்தில் பெயர் சூட்டுபவருக்கு உரையாடலின் திசையைத் தீர்மானிக்கும் இடம் கிடைக்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். ‘ஆதாரை ஏற்றுமதி செய்கிறோம்’ என்று மேடையில் பேசுகிறார்கள். ஆதாரின் மென்பொருள் எந்த நாட்டுக்கும் போகவில்லை. ஆதார் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டு, பெங்களூரில் உள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018-இல் ‘மோசிப்’ என்ற திறமூல அடையாள மென்பொருள் தனியாக உருவாக்கத் தொடங்கப்பட்டது. கேட்ஸ் அறக்கட்டளை, டாடா அறக்கட்டளை முதலியவை அதற்கு நிதி அளித்தன. மொராக்கோவும் பிலிப்பைன்ஸும் முதலில் வந்தன. எத்தியோப்பியா, டோகோ, இலங்கை எனப் பட்டியல் நீண்டது. இதை எடுத்துக்கொள்ளும் நாடு உரிமக் கட்டணம் எதுவும் தர வேண்டியதில்லை. நிரலைப் படித்துப் பார்க்கலாம், தன் சட்டத்துக்கேற்ப மாற்றலாம், கைரேகைக் கருவியை ஒரு நாட்டிலிருந்தும் சேமிப்புக் கணினியை வேறொரு நாட்டிலிருந்தும் வாங்கலாம். மோசிப் வருவதற்கு முன்பு சில ஆப்பிரிக்க நாடுகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் அடையாள அட்டைத் திட்டத்தை ஒப்படைத்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் தம் குடிமக்களின் பதிவுகளையே வேறு அமைப்புக்கு மாற்ற முடியாமல் தவித்தன. அந்தத் தவிப்புக்குக் கிடைத்த விடை என்பதால்தான் மோசிப் விரும்பப்பட்டது.

யுபிஐயின் கதை வேறு. அது திறமூல மென்பொருள் அன்று. வங்கிகள் சேர்ந்து உரிமை கொண்டுள்ள கொடுப்பனவுக் கழகத்துக்குச் சொந்தமானது. அதை வெளிநாடுகளுக்குக் கொண்டுசெல்ல 2020-இல் தனித் துணை நிறுவனம் அமைக்கப்பட்டது. அது செய்யும் வேலை மூன்று விதம். பூடான், நேபாளம், மொரீஷியஸ், இலங்கை போன்ற இடங்களில் இந்தியப் பயணிகள் தம் செயலியால் கடைகளில் பணம் செலுத்த வழிசெய்வது முதல் வகை. மற்றொரு நாட்டின் உடனடிப் பணப் பரிமாற்ற அமைப்போடு யுபிஐயை இணைப்பது இரண்டாவது. யுபிஐ போன்ற ஓர் அமைப்பையே அந்த நாட்டுக்காகக் கட்டித்தருவது மூன்றாவது. 2024-இல் நமீபியா, பெரு ஆகியவற்றின் மத்திய வங்கிகளோடு இந்த ஒப்பந்தம் ஏற்பட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் ‘ஜெய்வான்’ அட்டை, இந்தியாவின் ரூபே அட்டைத் தொழில்நுட்பத்தில் அமைந்ததும் ஏறத்தாழ இதைப் போன்றதே. செய்தியில் மூன்றும் ‘யுபிஐயை ஏற்ற நாடு’ என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. முதல் வகையால் இந்தியப் பயணிக்கு வசதி, உள்ளூர் வணிகருக்கு வருமானம். மூன்றாவது வகையில்தான் இன்னொரு நாட்டின் பொருளாதாரத்துக்குள் இந்திய வடிவமைப்பு வேர் விடுகிறது.

இரண்டாவது வகைக்குச் சிங்கப்பூரைப் பார்க்கலாம். 2023 பிப்ரவரி 21 அன்று யுபிஐயும் சிங்கப்பூரின் பேநௌ அமைப்பும் இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் இந்தியாவின் பக்கத்திலிருந்து அனுப்பவும் பெறவும் வழிசெய்த நான்கு வங்கிகளில் இரண்டு, சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும். சிராங்கூன் சாலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய் நின்றவர்களுக்குத் தெரியும். வாரம் முழுவதும் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்த தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பிள்ளைகள் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பணம் அனுப்பும் கடையின் வாசலில் அன்றைய மாற்று விகிதம் எழுதிய பலகையை அண்ணாந்து பார்த்தபடி வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் நிற்பவருக்குக் கைபேசியில் ஊரிலுள்ள அம்மாவின் யுபிஐ முகவரியைத் தட்டியதும், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் திரையில் தெரிகிறது. சரிபார்த்து அனுப்பினால் சில நொடிகளில் அங்கே குறுஞ்செய்தி போய்ச் சேர்கிறது. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்ற உச்சவரம்பு வைத்தே இது தொடங்கியது. உலக அளவில் இப்படி வீட்டுக்குப் பணம் அனுப்பச் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்று உலக வங்கி கணக்கிட்டுவந்துள்ளது. அதை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் இலக்கு. இரு மத்திய வங்கிகள் ஒருவர் மற்றவரின் பாதுகாப்பு முறைகளை நம்பி ஏற்றுக்கொண்டதால்தான் அந்தக் குறுஞ்செய்தி போகிறது. ஒருவர் மற்றவருக்கு உதவி செய்தது என்று இதைச் சொல்ல முடியாது. சமமானவர்களுக்கிடையில் ஏற்பட்ட இந்த நம்பிக்கையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

நாடுகள் இதை ஏன் விரும்புகின்றன என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச்சில், உக்ரைன் போரைத் தொடர்ந்து, விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் தம் சேவையை நிறுத்தின. அந்தப் போரில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, தொலைதூரத்திலுள்ள இரண்டு தனியார் நிறுவனங்களின் முடிவால் ஒரு நாட்டின் அட்டைகள் வெளியுலகோடு தொடர்பிழக்க முடியும் என்பதைப் பல மத்திய வங்கிகள் அன்று பார்த்தன. அதன்பின் ‘நமக்கென்று ஓர் அமைப்பு வேண்டும்’ என்ற எண்ணம் வலுத்தது. எல்லோரும் இந்தியாவிடம்தான் வந்தார்கள் என்றும் சொல்லிவிடக் கூடாது. பிரேசில் தன் மத்திய வங்கியைக் கொண்டே 2020 நவம்பரில் ‘பிக்ஸ்’ என்ற அமைப்பைக் கட்டி, மிகப் பெரிய வெற்றி கண்டது. மக்கள்தொகையில் மிகச் சிறிய எஸ்தோனியா 2001 முதல் நடத்திவரும் ‘எக்ஸ்-ரோடு’ தரவுப் பரிமாற்ற முறையைப் பின்லாந்தே எடுத்துக்கொண்டது. இந்தியாவுக்குப் போட்டி உண்டு. அந்தப் போட்டியில் இந்தியாவின் தனிச்சிறப்பு, 140 கோடிப் பேர் கொண்ட, பல மொழிகள் பேசும், ஏழைகள் நிறைந்த நாட்டில் இது நடந்துகாட்டியிருக்கிறது என்ற சான்று.

மற்றப் பெருவல்லரசுகள் இதே களத்தில் என்ன செய்தன என்று பார்த்தால் நம் பாடம் தெளிவாகும். 2010 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன் இணையச் சுதந்திரத்தை அமெரிக்க வெளியுறவுக் கொள்கையின் ஓர் அங்கமாக அறிவித்தார். உலகம் பயன்படுத்தும் தேடுபொறியும் சமூக ஊடகமும் அமெரிக்காவுடையவை என்பதால் அந்த அறிவிப்புக்குப் பெரும் ஈர்ப்பு இருந்தது. 2013 ஜூனில், அமெரிக்க உளவு அமைப்பின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள், அதே நிறுவனங்களின் வழியாக அமெரிக்க உளவு அமைப்பு உலகத்தையே கவனித்துவந்ததைக் காட்டின. தன் தகவல்தொடர்பும் ஒட்டுக்கேட்கப்பட்டதாக அறிந்த பிரேசில் அதிபர் தில்மா ரூசெஃப், அந்த ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனுக்குச் செல்லவிருந்த அரசுமுறைப் பயணத்தையே தள்ளிவைத்தார். பல ஆண்டுகளாகச் சேர்த்த நற்பெயர் சில வாரங்களில் கரைந்தது.

சீனாவின் வழி வேறு. 2015 முதல் ‘டிஜிட்டல் பட்டுப்பாதை’ என்ற பெயரில் கடலடி வடம், கைபேசிக் கோபுரம், தரவு மையம், கண்காணிப்புக் கேமரா எனக் கண்ணுக்குத் தெரியும் கட்டமைப்புகளைச் சீன நிறுவனங்கள் கட்டுகின்றன; சீன வங்கிகள் கடன் தருகின்றன. பணமும் வேகமும் இந்தியாவால் ஈடுகொடுக்க முடியாதவை என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். கொழும்பில் எந்தத் தெருவில் நின்றாலும் தெரியும் தாமரைக் கோபுரம் சீனக் கடனில் எழுந்த ஒளிபரப்புக் கோபுரமே. ஆனால் அந்த வழியிலும் சந்தேகம் வராமல் இல்லை. அடிஸ் அபாபாவில் சீனா கட்டிக்கொடுத்த ஆப்பிரிக்க ஒன்றியத் தலைமையகத்தின் கணினிகளிலிருந்து இரவுதோறும் தரவுகள் ஷாங்காய்க்குச் சென்றதாக 2018-இல் பிரெஞ்சு நாளிதழ் ஒன்று எழுதியது. சீனா அதைத் திட்டவட்டமாக மறுத்தது. மறுப்புக்குப் பின்னும் அந்தச் செய்தி இன்றுவரை பேசப்படுவதே, இத்துறையில் சந்தேகம் எவ்வளவு காலம் வாழும் என்பதைக் காட்டுகிறது.

இந்தியாவின் பலவீனம் வெளியே இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. ரேஷன் கடையில், வயல் வேலையிலும் பாத்திரம் தேய்ப்பதிலும் ரேகை தேய்ந்துபோன ஒரு மூதாட்டி, கருவியில் கட்டைவிரலை வைக்கிறார், ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். வேறு விரலை வைக்கச் சொல்கிறார்கள். நான்காம் முறையும் சிவப்பு விளக்கு எரிந்தால், கடைக்காரரின் நல்ல மனசைப் பொறுத்தே அன்றைய அரிசி. 2017-இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தபோது, ஆதாரோடு இணைக்கப்படாததால் ரேஷன் அட்டை ரத்தாகிப் பட்டினியில் இறந்தாள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அரசு தரப்பு நோயே காரணம் என்றது. எது உண்மையாயினும், அந்தச் செய்தி உலகெங்கும் வாசிக்கப்பட்டது. கென்யாவிலோ ஜமைக்காவிலோ அடையாள எண் திட்டத்தை எதிர்த்து வழக்காடியவர்கள் இந்தியாவின் வழக்குகளை உன்னிப்பாகப் படித்தவர்கள். 2019-இல் ஜமைக்காவின் நீதிமன்றம் அந்நாட்டின் அடையாளச் சட்டத்தைச் செல்லாது என அறிவித்தபோது, ஆதார் வழக்கில், அந்தச் சட்டம் செல்லாது என்று நம் உச்ச நீதிமன்ற நீதிபதி சந்திரசூட் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை மேற்கோள் காட்டியது. ஆதாரின் அனுபவம் போல அந்த மாறுபட்ட தீர்ப்பும் கடல் கடந்திருக்கிறது. ஒரு நாட்டின் நீதிமன்றத்தில் எழுந்த எதிர்ப்புக் குரலை வேறொரு நாடு மதித்து எடுத்தாள்வதும் மென்சக்திதான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். நம் வெளியுறவுத் துறை இதை ஒருபோதும் எடுத்துச் சொல்வதில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற 2023 ஆகஸ்ட் ஆனது. விதிகள் அறிவிக்கப்பட 2025 நவம்பர் ஆனது. சட்டத்திலும் அரசு அமைப்புகளுக்கு விரிவான விலக்குகள் தரப்பட்டுள்ளன. இதற்கிடையே 2023 ஜூனில், கோவினில் பதிந்தவர்களின் விவரங்கள் டெலிகிராமில் கிடைப்பதாகச் செய்தி வந்தது. தளம் ஊடுருவப்படவில்லை என்று அரசு விளக்கியது. 142 நாடுகளை அழைத்துக் காட்டிய தளத்தைப் பற்றி அப்படி ஒரு விளக்கம் தரவேண்டி வந்ததே இழப்புதான். இன்னொன்றும் உண்டு. 2019 ஆகஸ்ட் முதல் 2021 பிப்ரவரி வரை ஜம்மு காஷ்மீரின் பெரும்பகுதியில் அதிவேகக் கைபேசி இணையம் இல்லை. 2023-இல் மணிப்பூரில் மாதக்கணக்கில் இணையம் துண்டிக்கப்பட்டது. 2018 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் உலகிலேயே அதிகமுறை இணையத்தைத் துண்டித்த நாடாக, இணைய உரிமைகளுக்காக இயங்கும் ஆக்சஸ் நவ் அமைப்பு இந்தியாவையே குறிப்பிட்டது. இணையம் இல்லாத ஊரில் யுபிஐ ஓடாது. டிஜிட்டல் பொதுக் கட்டமைப்பைச் சாலைக்கு ஒப்பிடும் நாம், கலவரம் என்றால் ஊரின் எல்லாச் சாலைகளையும் மாதக்கணக்கில் தோண்டிப்போடுவோமா என்று ஒரு வெளிநாட்டு அதிகாரி கேட்டால் நம்மிடம் நல்ல பதில் இல்லை.

செய்துமுடிப்பதிலும் குறை உண்டு. 2023 முதல் ஆர்மீனியா, சியரா லியோன், சுரிநாம், ஆன்டிகுவா-பார்புடா, பப்புவா நியூ கினி என ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. கையெழுத்தாகும் நாளில் புகைப்படத்தோடு செய்தி வருகிறது. அமைப்பு ஓடத் தொடங்கிய நாளைப் பற்றிய செய்திகளை விரல்விட்டு எண்ணலாம். வளரும் நாடுகள் இத்தகைய அமைப்புகளைக் கட்டிக்கொள்ள உதவுவதற்காக 2023 நவம்பரில் இந்தியா அறிவித்த சமூகத் தாக்க நிதிக்குத் தொடக்க ஒதுக்கீடு 2.5 கோடி டாலர். இத்தனை நாடுகளுக்கு அது மிகச் சிறு தொகை. நிரல் இலவசமாகக் கிடைத்தாலும் பதிவு முகாம், பயிற்சி, மின்சாரம், பழுதுபார்ப்பு ஆகியவை இலவசம் இல்லை. பிலிப்பைன்ஸ் 8 கோடிக்கும் மேற்பட்டோரைப் பதிவுசெய்தது; ஆனால் அட்டை அச்சாகி மக்கள் கைக்கு வருவதில் ஏற்பட்ட தாமதத்தால் அங்கே எழுந்த கோபம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அந்தக் கோபத்தில் மென்பொருளின் தரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வளரும் நாடுகளின் ஊழியர்களுக்கு இந்தியா 1964 முதல் நடத்திவரும் ஐடெக் பயிற்சித் திட்டத்தின் வழியாக ஒவ்வொரு நாட்டின் பொறியாளர்களையும் பெங்களூரிலும் ஹைதராபாதிலும் ஆறு மாதம் வைத்துப் பழக்கி அனுப்பினால், பத்து ஒப்பந்தங்கள் தராத பலனை அது தரும் என்பது என் எண்ணம்.

இத்தனையும் ஒன்றாகச் சோதிக்கப்படும் இடம் இப்போது இலங்கை. 2022 மார்ச்சில், அந்த நாடு பொருளாதார நெருக்கடியின் விளிம்பில் நின்றபோது, தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியா மானியம் தருவதென ஒப்பந்தமானது. 2023 ஆகஸ்டில் முன்பணமாக 45 கோடி இந்திய ரூபாய் கையளிக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 12 அன்று அங்கே யுபிஐ தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதிபர் அநுர குமார திசாநாயக்க தில்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கை, அடையாளத் திட்டத்தை விரைவுபடுத்துவதாகச் சொன்னது. 2025 ஏப்ரலில் பிரதமர் மோதி கொழும்பு சென்றபோது டிஜிட்டல் தீர்வுகளைப் பகிர்வதற்கான ஒப்பந்தமும் கையெழுத்தானது. தரவு முழுவதும் தம் வசமே இருக்கும் என்று இலங்கை அரசு கூறியுள்ளது. ஆயினும், இந்திய மானியத்தில் நடப்பதால் முக்கியப் பணி இந்திய நிறுவனத்துக்கே போகும், அதன்வழியே மக்களின் கைரேகையும் வெளியே போகும் என்ற அச்சம் தென்னிலங்கையில் பலமாக எழுந்தது. பெரிய அண்டை நாட்டின்மீது சிறிய நாட்டுக்குள்ள பழைய அச்சம் அது. அதை அலட்சியப்படுத்துவது தவறு.

வடக்கு, கிழக்கில் இருக்கும் அச்சம் வேறு வகையானது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் இறக்கிவிடப்பட்டு, அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அட்டையைத் தொலைத்தவர் வீடு திரும்புவாரா என்பதே நிச்சயமில்லாத காலம் அது. அவர்களுக்கு அடையாளம் என்ற சொல் அரசு தரும் வசதியாக ஒலிப்பதில்லை. இலங்கையிலும் 2022-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பது ஆறுதலான செய்தி. ஆனால் கிளிநொச்சியில் பதிவு முகாமுக்கு வந்து விரலை வைக்கப்போகும் ஒருவர் கேட்கக்கூடிய கேள்விகள் எளியவை: என் ரேகை எந்தக் கட்டடத்தில் இருக்கும்? காவல்துறையோ இராணுவமோ கேட்டால் யார் அனுமதியோடு கொடுப்பார்கள்? கருவி என்னை ஏற்காவிட்டால் எனக்கு வரவேண்டிய உதவித்தொகை நிற்குமா? இவற்றுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டியது கொழும்பின் பொறுப்பு. அந்தப் பதிலில், இந்திய நிறுவனத்தின் கை எந்த அறைவரை நீளும், எந்தத் தேதியோடு அது முழுவதுமாக விலகும் என்ற வரியை எழுதித்தர வேண்டியது புதுதில்லியின் பொறுப்பு.